அகலமான கிண்ணத்துக்கு எத்தனை திரி வைப்பது?

அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் மெழுகை ஊற்றி, நடுவில் ஒரேயொரு திரியை நட்டு எரியவிட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான். திரியைச் சுற்றி ஒரு குழி விழும். குழி கீழே கீழே போகும், அகலாது. ஓரத்து மெழுகு ஊற்றிய நாளில் இருந்த மாதிரியே சுவரோடு ஒட்டி நிற்கும். கடைசியில் சுடர் அந்தக் கிணற்றுக்குள் இறங்கி, தானே உருக்கிய மெழுகில் மூழ்கி அணைந்துவிடும். பாதி மெழுகு எரியாமலே மிஞ்சும்.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி மேசைகளில் வைப்பதற்கென்று கண்ணாடியிலும் மண்சட்டியிலும் சிரட்டையிலும் மெழுகு ஊற்றிப் பார்க்கிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். விற்பதற்குத்தான் என்றில்லை. 2022இல் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்து மெழுகுதிரித் துண்டுகள் எத்தனையோ வீட்டு லாச்சிகளில் இன்னும் கிடக்கும். அவற்றை உருக்கி ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றுகிறவருக்கும் இதே சிக்கல் வரும். இதற்கு வழி ஒன்றுக்கு மேற்பட்ட திரி வைப்பது. ஆனால் எத்தனை, எங்கே, எவ்வளவு தடிப்பில் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு வெளிச்சத்தைப் பற்றியதல்ல, சூட்டைப் பற்றியது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

குத்துவிளக்கை எடுங்கள். ஐந்து முகத்தில் ஒரு முகத்துக்கு மட்டும் திரி போட்டு ஏற்றினாலும், தகளியில் உள்ள எண்ணெய் முழுவதும் அந்த ஒரு திரிக்கு வந்து சேரும். எண்ணெய் ஏற்கெனவே திரவம், தானாக ஓடி வரும். எத்தனை முகம் ஏற்றுவது என்பது நம் விருப்பம். மெழுகுதிரிக்கு அந்த வசதி இல்லை. அதன் எரிபொருள் கட்டியாக இருக்கிறது. சுடர் தன் சூட்டால் மெழுகை உருக்கவேண்டும், உருகியதைத் திரியின் நூலிடுக்குகள் மேலே உறிஞ்சவேண்டும், திரியின் நுனியில் அது ஆவியாகவேண்டும். எரிவது அந்த ஆவிதான், கட்டி மெழுகும் அல்ல, திரியும் அல்ல. ஆகவே சுடரின் சூடு எட்டுகிற தூரம்வரைதான் மெழுகுக்குப் பயன். எட்டாத மெழுகு இருந்தும் இல்லாத மாதிரி.

சுடரைச் சுற்றி உருகி நிற்கும் அந்த வட்டத்தை இங்கே குளம் என்று சொல்லிக்கொள்வோம். நல்ல மெழுகுதிரி என்றால், மூன்று நான்கு மணித்தியாலம் எரிந்தபின் குளம் கிண்ணத்தின் ஓரத்தை ஏறக்குறையத் தொட்டிருக்கவேண்டும், ஆழம் ஏறக்குறைய ஒரு செ.மீ. இருக்கவேண்டும். அதற்கு மேல் வேண்டாம், அதற்குக் கீழும் வேண்டாம்.

ஒரே தடித்த திரி ஏன் போதாது?

எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை இது. கிண்ணம் பெரிது, அப்படியானால் திரியையும் தடிப்பாக வைத்தால் சரிதானே? ஓரளவுக்குச் சரி. விட்டம் ஏழு, எட்டு செ.மீ. வரை அப்படித்தான் செய்கிறோம். டின்பால் பேணி ஏறக்குறைய ஏழரை செ.மீ. அகலம், அதற்குப் பொருத்தமான ஒரு திரி தாராளமாகப் போதும். அதற்கு மேல் போகப் போக, ஓரத்தை எட்டுவதற்கு மிகப் பெரிய சுடர் வேண்டியிருக்கும். தடித்த திரி மெழுகை அதிகமாக உறிஞ்சும். உறிஞ்சிய ஆவி முழுவதையும் எரிக்கச் சுடருக்குக் காற்று போதாது. எரியாத கரி புகையாகக் கிளம்பும், கண்ணாடியில் கறுப்புப் படியும், திரியின் நுனியில் காளான் மாதிரி ஒரு கரிக்குமிழ் முளைக்கும். சுடர் துடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் அவ்வளவு சூடு இருந்தும் ஓரம் இன்னும் உருகாமல் இருக்கலாம். சூடு ஒரே இடத்தில் குவிந்துவிட்டது, பரவவில்லை.

அதே சூட்டை இரண்டு மூன்று சிறிய சுடர்களாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் அமைதியாக எரியும், தனக்கு வேண்டிய காற்றை எடுத்துக்கொள்ளும், ஓரத்துக்கும் கிட்டே இருக்கும்.

எண்ணிக்கையைத் தீர்மானிக்கக் கிண்ணத்தின் உள்விட்டத்தை அளவுங்கள். வெளிவிட்டம் அல்ல, ஏனென்றால் தடித்த கண்ணாடியில் இரண்டுக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். அடியில் அல்ல, மெழுகு நிற்கப்போகும் மேல்மட்டத்தில் அளவுங்கள். எட்டு செ.மீ. வரை ஒன்று. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இரண்டு அல்லது மூன்று. அதற்கு மேல் பதினைந்து வரை மூன்று அல்லது நான்கு. இது தொடங்குவதற்கான கைக்கணக்குத்தான். மெழுகைப் பொறுத்தும் கிண்ணத்தைப் பொறுத்தும் முன்னே பின்னே போகும்.

எங்கே நடுவது?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இரண்டு திரியா மூன்று திரியா என்ற கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது.

10 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கிண்ணம் ஒன்று. நடுவில் ஒரு திரி என்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓரம் 5 செ.மீ. தூரத்தில். இரண்டு திரி என்றால் வழக்கமான இடம், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டரை செ.மீ. தள்ளி, அதாவது நடுவுக்கும் சுவருக்கும் சரி பாதியில். இப்போது திரிகளுக்கு நேரே உள்ள சுவர் இரண்டரை செ.மீ. தான். ஆனால் திரிகள் நிற்கும் கோட்டுக்குக் குறுக்கே உள்ள சுவரை அளந்து பாருங்கள். ஒவ்வொரு திரியிலிருந்தும் அது 5.6 செ.மீ.! ஒற்றைத் திரி வைத்தபோது இருந்ததைவிடத் தூரம்.

அப்படியென்றால் இரண்டு திரி எப்படி வேலை செய்கிறது? அந்தக் குறுக்குப் பக்கத்துக்கு இரண்டு சுடரின் சூடும் சேர்ந்து வருகிறது, அதனால்தான். இருந்தாலும் அங்கேதான் மெழுகு கடைசியாக உருகும். இரண்டு திரிக் கிண்ணத்தில் மெழுகு மிஞ்சினால், எதிரெதிராக இரண்டு பிறை மாதிரி அந்த இடங்களில் மிஞ்சுவதைப் பார்க்கலாம்.

மூன்று திரியை முக்கோணமாக, அதே இரண்டரை செ.மீ. தூரத்தில் வைத்தால், சுவரின் எந்தப் புள்ளியும் ஏதாவது ஒரு திரியிலிருந்து 4.3 செ.மீ. க்கு மேல் போகாது. நான்கைச் சதுரமாக வைத்தால் அது 3.7 ஆகக் குறையும். ஆகவே என் பங்குக்குச் சொன்னால், வட்டமான கிண்ணத்துக்கு இரண்டைவிட மூன்று நல்லது. இரண்டு திரி நீள்வட்டத் தட்டுக்கும் நீளமான பெட்டிக்கும் பொருந்தும். வட்டத்தில் இரண்டு வைப்பது அழகுக்காகவோ, மூன்றுக்கு இடம் போதாததாலோ இருக்கலாம், தவறில்லை. மூன்று வைத்தால் ஒரு நட்டமும் உண்டு. சுடர் கூடக்கூட மெழுகு சீக்கிரம் தீரும். விலை போட்டு விற்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

திரிகள் ஒன்றுக்கொன்று மிகக் கிட்டே இருக்கக்கூடாது. இரண்டரை செ.மீ. க்குக் குறைந்தால் சுடர்களுக்கிடையே காற்று நுழைய வழி குறைந்து, இரண்டும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும், சேர்ந்து ஒரே பெரிய சுடராகி உயரும், புகை விடும். தடித்த திரியின் தொல்லைகள் எல்லாம் திரும்ப வந்துவிடும். அதே மாதிரி சுவருக்கு ஒட்டியும் வைக்கக்கூடாது. கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் கடுமையாகச் சூடேறினால் அது வெடிக்கும்.

நேராக நடுவதற்கு எளிய வழி கடதாசி. கிண்ணத்தின் அடியைக் கடதாசியில் வைத்துக் கோடு போட்டு வட்டமாக வெட்டுங்கள். இரண்டு தரம் மடித்தால் நடு கிடைக்கும். திரிகளின் இடத்தைப் பேனையால் குறித்து, கண்ணாடிக்கு அடியில் வைத்தால் மேலிருந்து பார்க்கப் புள்ளிகள் தெரியும். மண்சட்டி என்றால் கடதாசியை உள்ளே வைத்து, புள்ளிகளில் துளை போட்டுச் சட்டியில் குறித்துக்கொள்ளலாம். திரியின் அடியில் சிறிய தகர வட்டம் இருக்கும், அதைப் பசையால் ஒட்டுங்கள். சூடான மெழுகில் இளகும் பசையாக இருந்தால் திரி மிதந்து இடம் மாறிவிடும். மேல் நுனிகளை நேரே நிறுத்த ஈர்க்கு போதும். இரண்டு ஈர்க்குக்கு நடுவே திரியை இறுக்கி, கிண்ணத்தின் வாயில் குறுக்கே வையுங்கள்.

எவ்வளவு தடிப்பு?

திரி விற்பவர்கள் ஒவ்வொரு திரியும் எந்த மெழுகில் எவ்வளவு அகலக் குளம் உண்டாக்கும் என்று ஓர் அட்டவணை கொடுப்பார்கள். 10 செ.மீ. கிண்ணத்துக்கு இரண்டு திரி என்றால் 5 செ.மீ. குளத்துக்கான திரியில் தொடங்குங்கள். மூன்று என்றால் அதற்கு ஓர் அளவு சின்னது. 5 செ.மீ. வட்டங்கள் இரண்டு சேர்ந்தாலும் 10 செ.மீ. வட்டத்தின் பரப்பில் பாதியைத்தானே மூடும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மீதியைச் சுடர்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் சூடும், கண்ணாடிச் சுவர் பிடித்து வைக்கும் சூடும் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் அட்டவணையில் 10 செ.மீ. க்கு என்று போட்டிருக்கும் திரியை வாங்கி, அதில் மூன்றை ஒரே கிண்ணத்தில் வைக்கக்கூடாது. அது மெழுகுதிரியாக இருக்காது, அடுப்பாக இருக்கும்.

அப்புறம், நம் ஊர் வெயிலையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும். சோயா மெழுகு ஏறக்குறைய 50 பாகை செல்சியஸில் உருகும். 20 பாகை அறையில் அது 30 பாகை ஏறவேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் திருகோணமலை வீட்டுக்குள் சும்மாவே 32 பாகை இருந்தால் ஏறவேண்டியது 18 பாகைதான். உருகு நிலைக்கு வந்தபின் கட்டி திரவமாகச் செலவாகும் சூடு எங்கும் ஒன்றுதான், அது குறையாது. இருந்தாலும் குளம் இங்கே சீக்கிரமாகவும் அகலமாகவும் விழும். ஆகவே இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் சின்னதையே எடுங்கள். பரபின் மெழுகு 58, 60 பாகையில் உருகும் வகையாகக் கிடைத்தால் நம் வெப்பத்துக்கு அது நல்லது. தேன்மெழுகு 62 பாகைக்கு மேல், உருகினாலும் கெட்டியாகத்தான் இருக்கும், அதற்குத் தடித்த திரி வேண்டும். வெறும் தேங்காய் எண்ணெயைக் கலந்து மெழுகை மலிவாக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது 24 பாகையிலேயே உருகிவிடும், இங்கே போத்தலில் கட்டியாவதே அபூர்வம்.

திரி எதில் செய்தது என்பதும் முக்கியம். பூசைக்கு வாங்கும் பஞ்சுத்திரி இதற்கு உதவாது, மெழுகு உருகியதும் சாய்ந்து விழும். பக்கற் மெழுகுதிரிக்குள் இருக்கும் நூலை உருவி எடுக்கலாமே என்றால், அது விரல் தடிப்புள்ள மெழுகுக்கென்று அளந்து போட்டது. அகலக் கிண்ணத்தில் குளத்தில் மூழ்கிப்போகும். பின்னல் போட்ட பருத்தித் திரிதான் வேண்டும். 1825இல் பிரான்சில் வந்த வழக்கம் இது. பின்னல் திரி எரியும்போது நுனி ஒரு பக்கம் வளையும், வளைந்த நுனி சுடரின் வெளி ஓரத்தில் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். அதற்கு முன்னர் மெழுகுதிரி எரிய எரியக் கரித்திரியைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் வைக்கும் எல்லாத் திரியும் ஒரே வகை, ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்று தடிப்பாக இருந்தால் அது பக்கத்துத் திரியின் மெழுகையும் இழுத்துக்கொண்டு தான் மட்டும் எரியும்.

சிரட்டையைப் பற்றி என்னிடம் கேட்டால், அதில் பல திரி வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாய் அகலம், அடி ஒடுக்கம். அடியில் நட்ட திரிகள் எல்லாம் வழுக்கி நடுவுக்கு வந்து சேரும். மேலே முக்கோணமாகத் தெரிந்தாலும் பாதி எரிந்தபின் மூன்று சுடரும் ஒன்றையொன்று முட்டும், சுவரும் நெருங்கிவிடும். சிரட்டைக்கரி போட்டு அயன்பெட்டி சூடாக்கிய ஊரில், சிரட்டை நெருப்புப் பிடிக்குமா என்று வேறு விளக்கத் தேவையில்லை. ஆசைக்குச் செய்வதென்றால் சிரட்டைக்குள் ஒரு சின்னத் தகரக் கிண்ணத்தை இறக்கி, அதற்குள் ஒரு திரி வையுங்கள். மண்சட்டியிலும் ஒரு கவனம் வேண்டும். மெருகிடாத மண் மெழுகை உறிஞ்சும், வெளிப்பக்கம் கசியும், சட்டியே ஒரு பெரிய திரியாகிவிடலாம். உள்ளே நன்றாக மெருகிட்ட சட்டியாகப் பாருங்கள்.

ஊற்றும்போது

மெழுகை நேரே அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் எரியும் மெழுகு சிதறும். அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுங்கள்.

பல திரிக் கிண்ணத்துக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு. பரபின் ஆறும்போது சுருங்கும். திரிகளுக்கு நடுவே உள்ள பகுதி கடைசியாக இறுகுவதால் அங்கே உள்ளுக்குள் ஒரு பொந்து விழும். மேலே பார்க்கத் தெரியாது. எரியும்போது குளம் அந்தப் பொந்துக்குள் திடீரென்று வடிந்து, திரிகள் நீளமாக வெளியே நின்று சுடர் உயரும். மெழுகு பாதி இறுகியதும் திரிகளுக்கு நடுவே ஓர் ஈர்க்கால் இரண்டு மூன்று துளை போட்டு, கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்து அதை ஊற்றி நிரப்பினால் போதும்.

எரித்துப் பார்த்தல்

பரபின் என்றால் ஒரு நாள், சோயா என்றால் ஒன்று இரண்டு கிழமை விட்டுத்தான் எரித்துப் பார்க்கவேண்டும். எல்லாத் திரியையும் ஐந்து ஆறு மி.மீ. நீளத்துக்குக் கத்தரித்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் ஏற்றி மிச்சம் பிடிப்போம் என்று நினைப்பது வேண்டாம். ஒரு பக்கம் பள்ளம் விழும், ஏற்றாத திரிகள் உருகிய மெழுகில் புதையும். மேலே ஃபான் ஓடக்கூடாது, கடற்கரை விறாந்தையிலும் வேண்டாம். காற்று ஒரு சுடரை மற்றதன்மேல் சாய்த்துவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும்.

நான்கு மணித்தியாலம் எரிந்தபின் பாருங்கள். ஒரு மணித்தியாலத்திலேயே குளம் ஓரத்தைத் தொட்டு, நான்காவதில் ஒன்றரை செ.மீ. ஆழம் போய்விட்டது, கண்ணாடியைக் கையால் பிடிக்க முடியவில்லை என்றால் சூடு அதிகம். திரியை ஓர் அளவு குறையுங்கள். எண்ணிக்கையை அல்ல, முதலில் தடிப்பை. நான்கு மணித்தியாலமாகியும் ஓரத்தில் விரல் அகலத்துக்கு மெழுகு நிற்கிறது என்றால் ஓர் அளவு கூட்டுங்கள்.

ஆனால் ஓரத்தில் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் ஒட்டியிருந்தால் கை வைக்காமல் விடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் அவசரப்பட்டுத் தடித்த திரிக்கு மாறுவது இங்கேதான். மெழுகு குறையக் குறையச் சுடர் கிண்ணத்துக்குள் இறங்கும். சுற்றிச் சுவர் இருப்பதால் சூடு வெளியே போகாது, கீழே எரியும் மெழுகுதிரி மேலே எரிந்ததைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூடு, மேலே ஒட்டியிருந்ததையும் உருக்கி இறக்கிவிடும். முதல் நாளிலேயே ஓரம்வரை சுத்தமாக உருகும் கிண்ணம், கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஆபத்தாக எரியலாம். ஆகவே ஒரே ஒரு தடவை எரித்துப் பார்த்து முடிவு கட்டவேண்டாம். நான்கு நான்கு மணித்தியாலமாக, ஆறவிட்டு ஆறவிட்டு, அடிவரை எரித்துப் பாருங்கள். விற்பதற்கென்றால் இதைத் தவிர்க்கவே முடியாது.

வாசனை எண்ணெய் சேர்த்தால் சோதனையைப் புதிதாகத் தொடங்கவேண்டும். நுளம்புக்காக வெளியே வைக்கும் அகலக் கிண்ணங்களில் சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல்லின் எண்ணெய் சேர்ப்பார்கள். தென்னிலங்கையில் அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் இந்தப் புல்லை நெடுங்காலமாகப் பயிரிடுகிறார்கள், உலகச் சந்தையில் இலங்கை வகை, ஜாவா வகை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். எந்த எண்ணெயானாலும் அளவு கூடினால் திரியின் இடுக்குகளை அடைத்து, மெழுகு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வாசனை இல்லாமல் அழகாக எரிந்த அதே மூன்று திரி, வாசனை சேர்ந்ததும் சோர்ந்துபோவது இதனால்தான்.

அடியில் ஒரு செ.மீ. மெழுகு இருக்கும்போதே எரிப்பதை நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே போனால் சூடு நேரே கண்ணாடி அடியில் இறங்கும். பல திரி என்றால் அடியில் பல இடத்தில் இறங்கும். மிஞ்சியதை வீசவேண்டாம். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி, தகர வட்டங்களைப் பொறுக்கி எடுத்து, பழைய சீலைத் துண்டில் வடித்து அடுத்த கிண்ணத்துக்குச் சேர்க்கலாம். வாசனையும் நிறமும் பலதாகக் கலந்துவிட்டால் மெழுகுதிரிக்கு அது வேண்டாம். காய்ந்த பொச்சில் தோய்த்து வைத்தால் மழைக்காலத்தில் விறகடுப்பு மூட்ட நன்றாக உதவும்.